சோளக்கொல்லை பொம்மையும் ஹெவி மெட்டல் புத்தகங்களும்



போன பதிவில் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த கதையை எழுதியிருந்தேன். போனில் கூப்பிட்டு மருந்து சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்குக் குருத்துக்குள்ள மணலைப் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். பார்க்கலாம்.

இந்தத் தடவை விவசாயம் கொஞ்சம்தான் வரும். புத்தகம் பத்தி எழுதப்போறேன். அதுவும் ஹெவி மெட்டல்னு ஒரு பாட்டு இருக்கே, அதைப் பத்தின இங்கிலீஷ் புத்தகங்கள். பன்னிரண்டாவதோட படிப்பை நிறுத்தினவன், பேங்க் ஃபாரத்தையே ரெண்டு தடவை படிக்கிறவன், இவனுக்கு எதுக்கு இதெல்லாம்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்தப் புத்தகங்களால எங்க வீட்டுல முப்பது வருஷமா மூடி வச்சிருந்த ஒரு விஷயம் வெளிய வந்துருச்சு. அதை எழுதி வச்சாதான் எனக்குத் தூக்கம் வரும்.

கதை ஒரு சட்டையில ஆரம்பிக்குது.

2011 தீபாவளி முடிஞ்ச நாலாம் நாள். எங்க பெரியவன் அப்போ விருத்தாசலத்துல செராமிக் டிப்ளமா படிச்சிக்கிட்டு இருந்தான். சேலத்துல சிநேகிதன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனான். மூணாம் நாள் தொண்டை கட்டிப் போய், கண்ணெல்லாம் சிவந்து, கறுப்பு பனியன் ஒன்னு மாட்டிக்கிட்டு வந்து நின்னான். பனியன்ல மண்டையோடு. அதுக்கு மேல வேல் கம்பு மாதிரி கூர்கூரா இங்கிலீஷ் எழுத்து. விசாரிச்சா, சேலம் இல்ல, பெங்களூரு. மெட்டாலிகான்னு ஒரு அமெரிக்க கோஷ்டி அக்டோபர் 30-ஆம் தேதி அரண்மனை மைதானத்துல கச்சேரி வச்சிருக்கு. கடலை பறிச்ச கூலிக் காசைச் சேர்த்து வச்சு போயிருக்கான்.

அவன் போன்ல இருந்ததைப் போடச் சொல்லிக் கேட்டேன். போர்வெல் லாரி பாறையில இறங்கின மாதிரி இருந்துச்சு. "இது பாட்டாடா? சாவு வீட்டுல கூட இதைவிட நல்லா அடிப்பானுவ"ன்னேன். அந்த வார்த்தையை ஞாபகம் வச்சிக்குங்க, பின்னாடி வரும்.

மறுநாள் அவன் காலேஜ் போனதும் அந்தப் பனியனை எடுத்துக்கிட்டுப் போய் சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டி விட்டேன். உண்மையைச் சொல்லணும், அந்த வருஷம் கிளி, மைனா தொல்லை குறைஞ்சிருந்தது. ஆனா பையன் மூணு மாசம் என்னோட பேசல. படிப்பு முடிஞ்சது, பெங்களூருல ஒரு டைல்ஸ் கம்பெனியில வேலை கிடைச்சது, போயிட்டான். வந்தா அம்மாகிட்ட பேசுவான். எனக்கு "ம்", "சரிப்பா", அவ்வளவுதான்.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்போ கடைசி பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்கு வந்தான். பையில ரெண்டு சட்டை, நாலு புத்தகம். பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்ல ப்ளாசம்னு பழைய புத்தகமும் விக்கிற கடை இருக்காம், அங்க வாங்கினது. முந்திரிக் கொட்டை பொறுக்கிற நேரம் அது. ஆள் கிடையாது, அப்பனும் புள்ளையும்தான். எவ்வளவு நேரம்தான் பேசாம பொறுக்குறது? "அந்தப் புத்தகத்துல அப்படி என்னதான்டா இருக்கு?"ன்னு நானா கேட்டேன். மரத்தடியில உட்கார்ந்து இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்து தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சான்.

இந்தச் சத்தம் பிறந்த ஊரு இங்கிலாந்துல பர்மிங்காம். நான் என்னமோ பணக்காரப் பசங்க கொழுப்பெடுத்துக் கத்துறதுன்னு நினைச்சிருந்தேன். கிடையாது. ஊரு முழுக்க இரும்புப் பட்டறை, கார் கம்பெனி, தகடு வெட்டுற தொழிற்சாலை. ஆஸ்டன்னு ஒரு பகுதியில தொழிலாளி வீட்டுப் பசங்க நாலு பேர் சேர்ந்து பிளாக் சபாத்னு கோஷ்டி ஆரம்பிக்கிறாங்க. பாடுறவர் ஓஸி ஆஸ்பர்ன். அவரோட 'ஐ ஆம் ஓஸி' புத்தகம் 2009-ல வந்தது. அதுல பாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பார்த்த வேலையெல்லாம் சொல்றார். ஒரு தொழிற்சாலையில கார் ஹாரனுக்குச் சுருதி சேர்க்கிற வேலை. நாள் பூரா 'பாம் பாம்'னு அதையே கேட்டுக்கிட்டு உட்காரணும். அப்புறம் மாடு அறுக்கிற கூடத்துல வேலை. இந்த மனுசன் மேடையில வந்து புல்லாங்குழல் மாதிரியா பாடுவாரு?

இதே ஓஸிதான் 1982-ல மேடையில வந்து விழுந்த வவ்வாலை, ரப்பர் பொம்மைன்னு நினைச்சுத் தலையைக் கடிச்சுட்டாராம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டாராம். உலகமே பதறிப்போச்சுன்னான் பையன். நான் சிரிச்சுட்டேன். எங்க பக்கம் மாசி மாசம் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்கும். சுடுகாட்டுல சாமியாடி உயிர்க் கோழியை வாயாலேயே கடிக்கிறதைச் சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறோம். மண்டையோடும் எலும்பும் அம்மனுக்கு மாலை. இதையெல்லாம் கும்பிட்டு வளர்ந்தவன், பையன் பனியன்ல இருந்த மண்டையோட்டைப் பார்த்தா பயந்தேன்? எனக்கே வெட்கமா போச்சு.

பயந்தது நான் மட்டும் இல்லையாம். இயன் கிறிஸ்டி எழுதின 'சவுண்ட் ஆஃப் தி பீஸ்ட்' (2003) இந்தப் பாட்டோட மொத்த வரலாறு. 1985-ல அமெரிக்காவுல இந்த மாதிரிப் பாட்டெல்லாம் புள்ளைங்களைக் கெடுக்குதுன்னு பெரிய இடத்துப் பொம்பளைங்க சங்கம் வச்சு, செனட் சபையே விசாரணை நடத்தியிருக்கு. ட்விஸ்டட் சிஸ்டர் கோஷ்டியில பாடுற டீ ஸ்னைடர், அந்தப் பரட்டைத் தலையோடவே நேர்ல போய் உட்கார்ந்து, நிதானமா பதில் சொல்லிட்டு வந்திருக்கார். "அங்கேயும் அப்பா அம்மா உன்னை மாதிரிதாம்ப்பா. சோளக்கொல்லைதான் கிடையாது"ன்னான். ஒன்பது வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம்.

பிறகு ஒரு பொங்கலுக்கு வந்தப்போ ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் எழுதின 'கன்ஃபெஸ்' (2020) கொண்டுவந்தான். அவர் வால்சால்ங்கற ஊரு, பர்மிங்காம் பக்கம். பள்ளிக்கூடம் போற வழியிலேயே உலோகம் உருக்குற தொழிற்சாலை, அந்தப் புகையையும் நாத்தத்தையும் குடிச்சிக்கிட்டேதான் தினம் போயிருக்கார். மெட்டல்ங்கற பேரு அவங்களுக்குப் பாட்டுக்கு வச்ச பேரு மட்டும் இல்ல, மூக்குல ஏறின வாசனை.

எங்க ஊரும் அதே சாதி ஊருதான். வெளியூர்க்காரங்களுக்கு விருத்தாசலம்னா பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, ரயில்வே ஜங்ஷன். எங்களுக்கு அதோட செராமிக். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துல கரிக்கு மேல கிடக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பி வந்த தொழில். தொழிற்பேட்டைக்குள்ள போனீங்கன்னா பொம்மை, ஜாடி, அகல், கரண்டுக்கு ஃப்யூஸ் கட்டைன்னு வரிசையா காயப்போட்டிருக்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல எரியிற சூளை. முகமெல்லாம் வெள்ளைத் தூசியோட ஆணும் பொண்ணும் சாயங்காலம் சைக்கிள்ல வருவாங்க. விளைச்சல் பொய்ச்ச வருஷமெல்லாம் எங்க ஊர்ல பாதி வீட்டுக்குச் சோறு போட்டது அந்தத் தூசிதான்.

என் தம்பியும் அதுல ஒருத்தன்.

இப்போ டோனி அயோமி புத்தகத்துக்கு வர்றேன். பிளாக் சபாத்தோட கித்தார்க்காரர் அவர். 'அயர்ன் மேன்' (2011) அவரோட வாழ்க்கை வரலாறு. பையன் அதை முந்திரி மரத்தடியில சொன்னப்போ எனக்குக் கையில இருந்த கொட்டை கீழ விழுந்துருச்சு.

1965. அயோமிக்கு 17 வயசு. தகடு வெட்டுற தொழிற்சாலையில வேலை. பாட்டுக் கோஷ்டியோட ஜெர்மனிக்குப் போறதா முடிவாகி, அன்னிக்குத்தான் வேலைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிமே போகலைன்னிருக்கார். அவங்க அம்மா, எடுத்த வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வான்னு அனுப்பி வச்சிருக்காங்க. அந்த அம்மா சொன்னதுல தப்பில்ல, நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போனவரை வழக்கமா பார்க்காத பிரஸ் மெஷின்ல நிக்க வச்சிருக்காங்க. வலது கையில நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போச்சு. அவர் இடது கைக்காரர். அதனால கித்தார் கம்பியை அழுத்துறது வலது கைதான். டாக்டருங்க, இனிமே வாசிக்க முடியாதுன்னுட்டாங்க.

வீட்டுல முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க அந்தத் தொழிற்சாலை மேஸ்திரி வந்தாராம். கையில ஒரு இசைத்தட்டு. கேளுன்னிருக்கார். இவர் வேணாம்னிருக்கார். கட்டாயப்படுத்திக் கேட்க வச்சிட்டு அப்புறம் சொன்னாராம், இதை வாசிக்கிறவனுக்கு ரெண்டு விரல் விளங்காதுன்னு. அது ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல வண்டி வீடு தீப்பிடிச்சதுல இடது கையில ரெண்டு விரல் சூம்பிப்போய், மிச்ச விரலை வச்சே உலகம் மெச்ச வாசிச்ச ஜிப்ஸி.

அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவுற சோப்பு பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார். வழுக்காம இருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டை வெட்டி அதுமேல ஒட்டினார். கம்பி கனமா இருந்தா வலிக்குதுன்னு மெல்லிசான பான்ஜோ கம்பியைக் கட்டினார். பிறகு 1971 ஆல்பத்துல கம்பியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். அந்த இறங்கின சுருதியில வந்த கனமான சத்தத்தைத்தான் ஊர் உலகமெல்லாம் பிடிச்சிக்கிச்சு. அவங்க முதல் ஆல்பம் ஒரே நாள்ல ரெக்கார்டு பண்ணி, 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வந்தது. அதுலேர்ந்துதான் ஹெவி மெட்டல் தொடங்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. அதாவது, நான் போர்வெல் லாரின்னு கிண்டல் பண்ணினேனே, அதுல பாதி ஒரு தொழிலாளியோட வெட்டுப்பட்ட விரலுக்காகச் செஞ்ச ஏற்பாடு.

பையன் சொல்லி முடிச்சான். நான் ஒன்னும் பேசல. அவனும் புத்தகத்தை மூடி வச்சிட்டு, "சித்தப்பா மாதிரிதானப்பா"ன்னான்.

என் தம்பி எனக்கு நாலு வயசு இளையவன். பத்து வயசுலேர்ந்து தெருக்கூத்து ஜமாவோட சுத்தினவன். மிருதங்கம். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தா விடிய விடிய வாசிப்பான். வேஷக்காரன் அடி எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே இவன் கை அங்க போய் நிக்கும்பாங்க. கூத்து இல்லாத நாள்ல ஒரு செராமிக் யூனிட்ல ஃப்யூஸ் கட்டை அழுத்துற பிரஸ்ல வேலை. கம்பெனி பேரெல்லாம் வேணாம், அது இப்போ இல்லவும் இல்ல. 1996-ல ஒரு நாள் அச்சுக்குள்ள மண்ணைத் தள்ளிவிடும்போது மேல இருந்து இறங்கிருச்சு. வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோட போச்சு. அப்போ அவனுக்கு 22 வயசு.

மிருதங்கத்துல வலந்தலைக்கு விரல் நுனிதான் எல்லாம். 'நம்'னு சொல்லு விழணும்னா ஆள்காட்டி விரல் வேணும். அன்னியோட மிருதங்கத்தை உறையில போட்டுப் பரண்ல வச்சான். அப்புறம் எலி கடிச்சு வீணாப்போச்சு. கல்யாணம் பண்ணினான், ரெண்டு பொண்ணு, டவுன்ல ஒரு இடத்துல வாட்ச்மேன் வேலை. குடிச்சும் பார்த்தான், விட்டும் பார்த்தான். ஊர்ல கூத்து நடந்தா அந்தப் பக்கமே போக மாட்டான்.

ஊரடங்குல அவனும் வீட்டோட இருந்தான். ஒரு சாயங்காலம் பையன் அயோமி கதையை அவனுக்கும் சொன்னான். பூரா கேட்டுட்டு, "அந்தாளு விரல்ல எதை மாட்டினான்னே?"ன்னு கேட்டான். அவ்வளவுதான், சித்தப்பனும் மகனும் அடுப்பங்கரைக்குள்ள புகுந்துட்டாங்க. என் வீட்டுக்காரி பாத்திரம் கழுவ வச்சிருந்த பாட்டிலை வெட்டி, உருக்கி, வீடே நாறிப்போச்சு. அவ போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. கடைசியில ரெண்டு குப்பி மாதிரி செஞ்சு விரல்ல மாட்டி, எவர்சில்வர் குடத்தைக் கவுத்துப்போட்டுத் தட்டினான். டொக்கு டொக்குன்னுச்சு. தம்பி சிரிச்சான். "சத்தம் வருது, நாதம் வரலடா. அவனுக்குக் கரண்டு கித்தார். எனக்குத் தோலு. தோலுக்குத் தோலுதான் வேணும்"னான். ஆனா அந்தக் குப்பி ரெண்டையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனான்.

அந்த நாலு புத்தகத்துல ஒன்னு மட்டும் படிப்பாளிங்க எழுதுற மாதிரி இருந்தது. டீனா வைன்ஸ்டைன்னு ஒரு அம்மா, சமூகவியல் பேராசிரியர். 1991-ல இந்தப் பாட்டைக் கேட்கிற கூட்டத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதினது. இந்தப் பசங்க பெரும்பாலும் உழைக்கிற வீட்டுப் பசங்க, ஊரு இவங்களை மதிக்கிறது இல்ல, இவங்களும் அதுக்காகக் கூனிக் குறுகுறது இல்லங்கறது அந்தம்மா சொல்றது. அந்த அத்தியாயத் தலைப்புலேயே இவங்களுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க. பையன் அந்த இங்கிலீஷ் வார்த்தையைப் படிச்சான், 'பரையா'ன்னு. அப்படின்னா என்னடான்னேன். ஒதுக்கி வச்சவங்கன்னு அர்த்தம்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "இது எந்த ஊரு வார்த்தை தெரியுமாப்பா? நம்ம ஊருதான். பறை அடிக்கிறவங்களை நாம கூப்பிடுற பேரு. போர்த்துகீசியன் வழியா 17-ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குப் போயிருக்கு. உலகத்துல எவனை ஒதுக்கி வச்சாலும் இந்த வார்த்தையைத்தான் போடுறான்"னான்.

நான் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எழுந்து போயிட்டேன். போனதுக்குக் காரணம் மாடு இல்ல.

2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்காம்ல வில்லா பார்க் மைதானத்துல பிளாக் சபாத் நாலு பேரும் கடைசியா ஒன்னா வாசிச்சாங்க. ஓஸிக்கு எழுந்து நிக்க முடியல, சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில உட்கார்ந்தே பாடினார். பதினேழு நாள்ல, ஜூலை 22-ல இறந்துட்டார். பையன் போன் பண்ணி அழுதான். முப்பத்திரண்டு வயசுப் புள்ள. "வந்துட்டுப் போடா"ன்னேன். வந்தான்.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்து மூணு பேரும் அந்தக் கச்சேரியோட துண்டு வீடியோவைப் போன்ல பார்த்தோம். தம்பி ஓஸியைப் பார்க்கல. 77 வயசு அயோமியோட விரலைத்தான் பார்த்தான். படத்தை ரெண்டு விரலால பெருசாக்கி, விரல் நுனியில இருந்த அந்தத் தொப்பி தெரியுதான்னு தேடினான். அப்புறம் போனைத் திருப்பிக் குடுத்துட்டு, என்னைப் பார்க்காம சொன்னான்:

"இவருக்கு ஒரு மேஸ்திரி வந்தாரு. எனக்கும் ஒருத்தர் வந்தாருண்ணா. நீதான் அனுப்பிட்டே."

அவனுக்குத் தெரியாதுன்னு நான் முப்பது வருஷமா நினைச்சிக்கிட்டு இருந்தேன்.

விரல் போன ரெண்டாவது மாசம் காலனியிலேர்ந்து ஒரு பெரியவர் வந்தார். எங்க பகுதியிலேயே பறைக்கு அவர்தான் பேர்போனவர். என் அப்பா வயசு. ஆனா அவர் என்னை ஐயான்னு கூப்பிடுவார், நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அப்போ எனக்கு அது தப்பாவே தெரியல. வாசலுக்கு வெளியிலேயே நின்னு, "தம்பிக்கு விரல் போனா என்னங்கய்யா, குச்சி இருக்குல்ல. தாளம் விரல்லயா இருக்கு, காதுல இல்ல இருக்கு. அனுப்பி வைங்க, நான் சொல்லித் தரேன்"னார். பறைக்கு விரல் நுனி வேண்டியதில்லைதான். ஒரு கையில நீளமான சுண்டுக்குச்சி, ஒரு கையில கட்டையான அடிக்குச்சி. பிடிக்கிற பலம் இருந்தா போதும். தம்பிக்கு அது இருந்துச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க வூட்டுப் புள்ள பறை அடிக்கணுமா? யார் வாசல்ல நின்னு பேசுறோம்னு தெரிஞ்சு பேசு." அவர் துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டார். தம்பி அப்போ உள்ள படுத்திருந்தான். தூங்குறான்னு நினைச்சேன். தூங்கல.

மிருதங்கம் எங்களுக்கு மானம், பறை அவமானம். ரெண்டுலேயும் இருக்கிறது மாட்டுத்தோல். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்யிறவங்களைப் பத்தி 2020-ல 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு ஒரு புத்தகம் எழுதினார். தமிழ்ல 'செபாஸ்டியன் குடும்பக்கலை'ன்னு வந்திருக்கு. அதை நானே எழுத்துக்கூட்டாம படிச்சேன். மாட்டை அறுத்து, தோலைப் பதம் பண்ணி, மிருதங்கத்துக்கு நாதம் வர வைக்கிறவங்க பெரும்பாலும் தலித் கிறிஸ்தவங்க. அவங்க பேரு எந்தக் கச்சேரி நோட்டீஸ்லயும் இருக்காது. அந்தப் புத்தகத்தை வெளியிட ஒத்துக்கிட்ட அரங்கமே கடைசி நேரத்துல இடம் இல்லைன்னுடுச்சு, வேற இடத்துலதான் விழா நடந்தது. தோலு மேடைக்கு வரலாம், தோலைப் பத்தின பேச்சு வரக்கூடாது. நான் அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னதும் அதேதான்.

பையன்கிட்ட 2011-ல என்ன சொன்னேன்? சாவு வீட்டுல கூட இதைவிட நல்லா அடிப்பானுவன்னு. நல்லா அடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு பாருங்க.

2025-ல மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்திருக்காங்க. டவுன்ல காலேஜ் பொண்ணுங்க பறை கத்துக்கிட்டு மேடையேறுறாங்க. நம்ம பெரியவர் அதைப் பார்க்க இல்ல, போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. ஆகஸ்ட் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் அவரோட மகனைப் பார்க்கப் போனேன். அவருக்கும் என் வயசுதான் இருக்கும். பறையைத் தொடாதவர். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் அடிச்சே ஆகணும்ங்கற நிலைமை அப்பனோட போகட்டும்னு கொத்தனார் வேலைக்குப் போனவர். அன்னிக்கு நடந்ததைச் சொன்னேன். தப்பு என் மேலன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இப்போ எதுக்குங்க இதெல்லாம். அப்பா உயிரோட இருந்தப்போ வந்திருக்கலாம்"னார். உட்காருங்கன்னு சொன்னார். உட்கார்ந்தேன். டீ வந்தது, குடிச்சேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. மன்னிச்சேன்னு அவர் சொல்லல. சொல்லணும்னு எதிர்பார்க்கிறதுக்கு நான் யாரு?

வெளிய வர்றப்போ அவரோட பையன், காலேஜ்ல படிக்கிறவன், அவன்தான் தாத்தா பறையை எடுத்திருக்கான், "உங்க தம்பி கூத்துல வாசிப்பாராமே, தாத்தா சொல்லும். வரச் சொல்லுங்க"ன்னான்.

தம்பிகிட்ட சொன்னேன். "51 வயசுல எதுக்குண்ணா"ன்னான். ரெண்டு வாரம் கழிச்சு தானா போனான். இது சினிமா இல்ல, அவன் ஒன்னும் மேடையேறிடல. குச்சியைப் பிடிச்சா தோள்பட்டை வலிக்குதுங்கறான். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி முறுக்கேத்திக் குடுக்கிற வேலையை மட்டும் இப்போதைக்குப் பார்க்கிறான். எந்தப் பதத்துல எடுக்கணும்னு காதை வச்சே சொல்லிடுறானாம். போன சனிக்கிழமை பசங்க அடிக்கிறப்போ நடுவுல நிறுத்தி, "தாளம் ஓடுது, பிடி"ன்னு சத்தம் போட்டானாம். காலனிப் பையன் வந்து சொன்னான்.

சிட்டியில இருக்கிற உங்களுக்கு ஒன்னு சொல்லிட்டு முடிக்கிறேன். புள்ளைங்க கேட்கிற பாட்டு சத்தமா இருந்தா, அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவை கேளுங்க. நான் ஒன்பது வருஷம் கழிச்சுக் கேட்டேன். கேட்டப்புறம்தான் முப்பது வருஷப் பழைய சத்தம் ஒன்னு என் வாசல்லயே நின்னது காதுல விழுந்துச்சு.

மக்காச்சோளம் இடுப்பளவு வந்திருக்கு. கதிர் பிடிக்கிறதுக்குள்ள பொம்மை நடணும். பெரியவன் தீபாவளிக்கு வந்தப்போ ஓஸி படம் போட்ட கறுப்பு பனியன் ஒன்னு வாங்கி வந்து, "வேணும்னா இதையும் மாட்டிக்கோப்பா"ன்னு சிரிச்சான். அதைத் தம்பி எடுத்துக்கிட்டான், ராத்திரி டியூட்டிக்குப் போட்டுக்கிட்டுப் போறான். பொம்மைக்கு இந்த வருஷம் என்னோட வெள்ளைச் சட்டைதான்.